பார்கோடு வகைகளும் ஸ்கேனர் அவற்றைப் படிக்கும் விதமும்: சிறு உற்பத்தியாளருக்கும் கடைக்காரருக்கும் ஒரு வழிகாட்டி

இட்லிப் பொடியோ செக்கு எண்ணெயோ தயாரித்து, இதுவரை அறிமுகமான கடைகளுக்கு மட்டும் கொடுத்து வந்த ஒருவர், சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கும் அனுப்பிப் பார்க்கலாம் என்று முடிவு செய்த நாளிலிருந்து பார்கோடு அவருடைய கவலைகளுள் ஒன்றாகிவிடுகிறது. எந்த வகை வேண்டும், எண்ணை யாரிடம் வாங்குவது, எந்த அளவில் அச்சிடுவது, கடையில் ஸ்கேனர் படிக்க மறுத்தால் குற்றம் எங்கே இருக்கிறது என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். லேபிள் அச்சு வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டவரை, இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறக்கின்றன. பார்கோடு என்றால் கறுப்புப் பட்டைகள் என்று நாம் நினைக்கிறோம். ஸ்கேனரோ கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே உள்ள எல்லைகளைத்தான் படிக்கிறது. வெள்ளை இடைவெளியின் அகலமும் செய்தியின் ஒரு பகுதியே என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே சொல்லப்போகும் விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

சொல்லைப் பற்றி ஒரு சிறு விளக்கம். வரையும் கோட்டையும் குறிமுறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் ஒரே மாதிரி எழுதுவதால் குழப்பம் வருகிறது. எனவே இந்தக் கட்டுரையில் கறுப்புக் கோட்டைப் ‘பட்டை’ என்றும், நடுவிலுள்ள வெள்ளையை ‘இடைவெளி’ என்றும், குறிமுறைகளின் பெயர்களைக் ‘கோட் 39’, ‘கோட் 128’ என்றும் எழுதுகிறேன். மிக மெல்லிய பட்டையின் அகலத்தை ‘அலகு’ என்று குறிப்பிடுகிறேன்.

ஸ்கேனர் பார்ப்பது என்ன

கடைகளில் இன்றும் பரவலாக உள்ள லேசர் ஸ்கேனரை முதலில் எடுத்துக்கொள்வோம். சுமார் 650 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளிப்புள்ளி ஒன்று, அதிரும் சிறு கண்ணாடியில் பட்டு இடவலமாக ஓடுகிறது. நொடிக்கு ஏறக்குறைய 100 முறை அது பார்கோட்டைக் கடப்பதால், நம் கண்ணுக்கு அது ஒரே சிவப்புக் கோடாகத் தெரிகிறது. வெள்ளையில் படும் ஒளி பெருமளவு திரும்பி வருகிறது. கறுப்பில் படும் ஒளி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. திரும்பி வரும் ஒளியை ‘ஃபோட்டோடையோடு’ என்ற ஒளியுணரி, ஏறி இறங்கும் மின்குறிப்பாக மாற்றுகிறது. அந்த ஏற்றமும் இறக்கமும் நிகழும் தருணங்களை மின்சுற்று குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு தருணங்களுக்கு நடுவே கழிந்த நேரத்தை அளக்கிறது. ஸ்கேனருக்கு அகலம் என்று தெரிவது இந்த நேரமே. மில்லிமீட்டர் கணக்கு அதற்கு வேண்டியதில்லை. ஒரு பட்டை பக்கத்து இடைவெளியைப் போல எத்தனை மடங்கு என்ற விகிதம் போதும். ஒரே பார்கோட்டை அருகில் வைத்தும் சற்றுத் தள்ளிப் பிடித்தும் படிக்க முடிவது இதனால்தான்.

சிசிடி எனப்படும் இரண்டாவது வகையில் ஓடும் ஒளிப்புள்ளி கிடையாது. எல்இடி விளக்குகள் பார்கோடு முழுவதையும் ஒளியூட்ட, வரிசையாக அமைந்த நூற்றுக்கணக்கான உணரிகள் ஒரே நேரத்தில் கறுப்பு வெள்ளையைப் பதிவு செய்கின்றன. நகரும் பாகம் இல்லாததால் கீழே விழுந்தாலும் தாங்கும்; ஆனால் பொதுவாகப் பொருளை அருகில் கொண்டுவர வேண்டும். மூன்றாவது வகையான இமேஜர், அடிப்படையில் ஒரு கேமராவே. அது படம் பிடித்து, படத்துக்குள் குறியைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. கைப்பேசி செய்வதும் இதையேதான். க்யூஆர் கோட்டைப் படிக்க இமேஜரால் மட்டுமே முடியும். கைப்பேசித் திரையில் காட்டப்படும் பார்கோடும் லேசருக்குப் பெரும்பாலும் சிக்காது, ஏனென்றால் திரை காகிதத்தைப் போல ஒளியைச் சிதறடித்துத் திருப்புவதில்லை. இன்று புதிதாக வாங்குபவர், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், இமேஜரையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடை அலமாரிக்கு ஈஏஎன்-13

சில்லறை விற்பனைக்குப் போகும் பொருளுக்கு ஈஏஎன்-13 என்ற வகையே வேண்டும். இதில் தேர்வுக்கு இடமில்லை. இதன் மூத்த சகோதரமான யுபிசி அமெரிக்காவில் 1973-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் அதை வடிவமைத்தார். 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், ஒரு ரிக்லி சூயிங்கம் பொட்டலம் முதல் முறையாக இவ்வகையில் ஸ்கேன் செய்து விற்கப்பட்டது. அந்த 12 இலக்க முறையை 13 இலக்கமாக விரித்ததே ஈஏஎன்-13.

எண்ணை நாமாகக் கற்பனை செய்துகொள்ள முடியாது. இந்தியாவில் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பிடம் பதிவு செய்துகொண்டால் 890 என்று தொடங்கும் எண் தொகுதி கிடைக்கும். இலங்கைக்கு உரிய தொடக்க எண் 479. 890 என்று இருந்தால் பொருள் இந்தியாவில் தயாரானது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையன்று, எண்ணை வழங்கிய அமைப்பு எது என்பதை மட்டுமே அது சொல்கிறது. 100 கிராம் பொட்டலத்துக்கும் 200 கிராம் பொட்டலத்துக்கும் தனித்தனி எண் வேண்டும். காரம் குறைந்த வகை, காரம் கூடிய வகை என்று பிரித்தாலும் அப்படியே. 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் அந்தந்தக் கடையின் உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. காய்கறியை எடை போட்டவுடன் தராசு அச்சிட்டுத் தரும் லேபிளில் இருப்பது அந்த வகைதான். வெளியே அனுப்பும் பொருளுக்கு அது உதவாது.

குறியின் உள்ளமைப்பைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. மொத்தம் 95 அலகுகள். இரு ஓரங்களிலும் பட்டை, இடைவெளி, பட்டை என்று மூன்று அலகுக் காவல் குறிகளும், நடுவில் ஐந்து அலகுக் காவல் குறியும் உள்ளன. ஓரக் காவல் குறியைக் கடக்கும்போதே ஒரு அலகு எவ்வளவு என்பது ஸ்கேனருக்குப் பிடிபட்டுவிடுகிறது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு என 12 இலக்கங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏழு அலகு அகலத்தில் இரண்டு பட்டைகளும் இரண்டு இடைவெளிகளும் கொண்டது. காட்டாக, 890 என்று தொடங்கும் எண்ணில் இரண்டாம் இலக்கமான 9, மூன்று அலகு வெள்ளை, ஒரு அலகு கறுப்பு, ஒரு அலகு வெள்ளை, இரண்டு அலகு கறுப்பு என்று எழுதப்படுகிறது. அப்படியானால் முதல் இலக்கமான 8 எங்கே? அதற்கென்று தனிப் பட்டைகளே கிடையாது. இடப்பக்க இலக்கங்களை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்றில் கறுப்பு அலகுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை, மற்றதில் இரட்டைப்படை. ஆறு இலக்கங்களில் எவை ஒற்றை, எவை இரட்டை என்ற அமைப்பே முதல் இலக்கத்தைத் தெரிவிக்கிறது. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை என்று வந்தால் அது 8. கூடுதலாக ஒரு பட்டைகூட இல்லாமல் ஓர் இலக்கத்தைச் சேர்த்துவிட்ட இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

பொட்டலத்தைத் தலைகீழாகக் காட்டினாலும் சரியாகப் படிப்பதும் இதே ஏற்பாட்டின் பயன். இடப்பக்கத்தின் முதல் உருவம் எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். வலப்பக்கத்து இலக்கங்கள் எல்லாம் இரட்டைப்படை. முதலில் இரட்டைப்படை உருவம் எதிர்ப்பட்டால், தான் பின்பக்கத்திலிருந்து வருவதாக ஸ்கேனர் உணர்ந்து வரிசையைத் திருப்பிக்கொள்கிறது.

கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது. அதைக் கணக்கிடுவது எளிது. 890123456789 என்ற 12 இலக்கங்களை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 8+0+2+4+6+8, அதாவது 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 9+1+3+5+7+9, அதாவது 34; அதை மூன்றால் பெருக்க 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதுவே சரிபார்ப்பு இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்காக இருப்பதால் இங்கே அது 0. ஏதேனும் ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டால் இந்தக் கணக்கு கட்டாயம் காட்டிக்கொடுக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் 1-உம் 6-உம், 2-உம் 7-உம் போல ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் தப்பிவிடும். எண்ணைக் கையால் தட்டச்சு செய்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பெட்டிக்கும் கிடங்குக்கும் உரிய வகைகள்

பொட்டலங்களை அடுக்கி அனுப்பும் அட்டைப்பெட்டிக்கு ஐடிஎஃப்-14 ஏற்றது. நெளிவுள்ள பழுப்பு அட்டையில் நேரடியாக அச்சிட்டாலும் தாங்கும் அளவுக்கு அதன் பட்டைகள் பருமனானவை. இதில் இலக்கங்கள் இரண்டிரண்டாகப் பின்னப்பட்டுள்ளன: ஓர் இலக்கம் ஐந்து பட்டைகளிலும், அடுத்தது அவற்றுக்கு இடையிலுள்ள ஐந்து இடைவெளிகளிலும் எழுதப்படுகிறது. வெள்ளையும் எழுத்துதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. இதன் குறை, ஒளிக்கற்றை சாய்வாக ஓடிப் பாதியில் வெளியேறினால், படித்த பாதியையே முழு எண்ணாகக் கருதிவிட வாய்ப்புண்டு. அதைத் தடுக்கவே மேலும் கீழும் தடித்த கறுப்பு எல்லைக்கோடு போடுகிறார்கள். அழகுக்காகப் போட்டது என்று நினைத்து அதை வடிவமைப்பாளர் எடுத்துவிடக் கூடாது.

சரக்கு எண், அலமாரி எண், நூலகப் புத்தக எண் போன்ற உள்பயன்பாட்டுக்குக் கோட் 39, கோட் 128 என்ற இரண்டும் புழங்குகின்றன. 1974-இல் உருவான கோட் 39-இல் ஓர் எழுத்துக்குப் பட்டையும் இடைவெளியுமாக ஒன்பது கூறுகள். அவற்றில் மூன்று அகலமானவை. எளிமையானது, ஆனால் இடத்தை விழுங்குவது. சரிபார்ப்புக் குறியும் கட்டாயமில்லை. 1981-இல் வந்த கோட் 128-இல் ஓர் எழுத்துக்கு 11 அலகுகளே. வெறும் எண்களாக இருந்தால் இரண்டு இலக்கங்களை ஒரே எழுத்தின் இடத்தில் அடக்கிவிடும், சரிபார்ப்பும் கட்டாயம். பத்து இலக்க எண் ஒன்று கோட் 128-இல் 90 அலகுகளில் முடிந்துவிடும். அகலப் பட்டை மும்மடங்கு என்று வைத்துக்கொண்டால் கோட் 39-க்கு 191 அலகுகள் தேவைப்படும். பழைய மென்பொருள் கட்டாயப்படுத்தினாலொழிய, கோட் 39-ஐப் புதிதாகத் தொடங்க எந்தக் காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

க்யூஆரும் அதன் உறவுகளும்

1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரி பாகங்களைக் கண்காணிப்பதற்காக க்யூஆர் கோட்டை உருவாக்கியது. மூன்று மூலைகளில் உள்ள சதுரங்களை எந்தத் திசையில் குறுக்கே வெட்டினாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்பவை 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சுப் பிரதிகளில் மிக அரிதாகத் தென்படும் விகிதம் எது என்று தேடிப் பார்த்து அந்தக் குழு இதைத் தேர்ந்தெடுத்தது. சுற்றியுள்ள எழுத்துகளுக்கும் படங்களுக்கும் நடுவே கேமரா குறியைச் சட்டென்று இனங்காண்பதன் இரகசியம் இதுவே. 21 கட்டங்களுக்கு 21 கட்டங்கள் முதல் 177-க்கு 177 வரை 40 அளவுகள் உள்ளன. பிழை திருத்தத்துக்கு நான்கு நிலைகள் உண்டு. அவை முறையே ஏறக்குறைய 7, 15, 25, 30 விழுக்காடு சேதத்தைத் தாங்கும். ஆனால் மூலைச் சதுரங்கள் இந்தப் பாதுகாப்புக்குள் அடங்கா. அவற்றின் மேல் விலைச்சீட்டு ஒட்டினால் குறி இருக்கும் இடமே கேமராவுக்குத் தெரியாது.

தமிழில் எழுதுவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். க்யூஆர் கோட்டின் மிகப் பெரிய அளவில், மிகக் குறைந்த பிழை திருத்தத்தோடு, 2,953 பைட்டுகள் அடங்கும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘த’ என்ற எழுத்து மூன்று பைட்டுகளையும் ‘தி’ ஆறு பைட்டுகளையும் எடுத்துக்கொள்ளும். சமையல் குறிப்பு முழுவதையும் தமிழிலேயே குறிக்குள் திணித்தால் கட்டங்கள் பொடிப்பொடியாகி, சாதாரணக் கைப்பேசி திணறும். ஒரு பக்கத்தில் குறிப்பை எழுதி வைத்து, அதன் சுருக்கமான முகவரியை மட்டும் குறியில் கொடுப்பதே சரி.

டேட்டா மேட்ரிக்ஸ் இன்னும் சிறிய இடத்தில் அடங்குவது. இரண்டு ஓரங்களில் முழுக் கறுப்பாக இணையும் கோடுகளை வைத்து அதை அடையாளம் காணலாம். மருந்துப் பெட்டிகளிலும் மின்னணுப் பாகங்களிலும் அது அதிகம். இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் குறிப்பிட்ட 300 மருந்து வணிகப் பெயர்களின் லேபிளில் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயமாகியுள்ளது. விமான நுழைவுச்சீட்டில் அடுக்கடுக்காகத் தெரியும் பிடிஎஃப்417, நடுவில் சதுர வளையம் கொண்ட அஸ்டெக் ஆகியவை நம் சிறு உற்பத்தியாளருக்குத் தேவைப்படப்போவதில்லை.

அச்சில் கவனிக்க வேண்டியவை

ஈஏஎன்-13 குறியின் இயல்பு அளவில் ஒரு அலகு 0.33 மில்லிமீட்டர். குறியின் இடப்புறம் 11 அலகும் வலப்புறம் 7 அலகும் வெற்றாக இருக்க வேண்டும். அவற்றையும் சேர்த்து அகலம் 37.29 மில்லிமீட்டர். 80 விழுக்காடு வரை சுருக்கலாம், 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். நான் பார்க்கும் பழுதான லேபிள்களில் முதலிடம் பிடிப்பது இந்த வெற்று ஓரம்தான். இடம் வீணாகிறதே என்று விலையையோ கட்டத்தையோ அதற்குள் நுழைத்துவிடுகிறார்கள். அந்த வெள்ளை இல்லாவிட்டால் குறி எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது.

அடுத்தது பிரிண்டரின் புள்ளிக் கணக்கு. இதைப் பலர் அறிவதில்லை. கடைகளில் உள்ள, வெப்பத்தால் அச்சிடும் தெர்மல் லேபிள் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 203 டிபிஐ, அதாவது மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளிகள். 0.33 மில்லிமீட்டர் அலகுக்கு 2.64 புள்ளிகள் வேண்டும். அரைப் புள்ளி அச்சிட முடியாதாகையால், சில பட்டைகள் இரண்டு புள்ளியாகவும் சில மூன்று புள்ளியாகவும் விழும், விகிதம் குலையும். ஆகவே லேபிள் மென்பொருளில் குறியின் மூலையை இழுத்து அளவு மாற்றாமல், அலகுக்கு மூன்று புள்ளி என்று நிர்ணயித்துவிட வேண்டும். அப்போது வெற்று ஓரங்களோடு அகலம் ஏறக்குறைய 42.4 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர் லேபிளில் நன்றாக அமரும். 38 மில்லிமீட்டர் லேபிளில் அது அமராது. அலகுக்கு இரண்டு புள்ளி என்று குறைத்தால் 0.25 மில்லிமீட்டராகி, 80 விழுக்காட்டு எல்லைக்குக் கீழே போய்விடும். லேபிளைப் பெரிதாக்குவதே மேல். அச்சகத்துக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் பிடிஎஃப் கோப்பாக அனுப்ப வேண்டும், ஏனென்றால் படம் சுருங்கும்போது பட்டைகளின் விளிம்பு மங்கிவிடும்.

மை பரவுவதும் இதே போன்ற தீங்கு. மை பரவினால் பட்டை தடித்து, அதே அளவுக்கு இடைவெளி மெலியும். ஒரு பட்டையின் தொடக்க விளிம்பிலிருந்து அடுத்த பட்டையின் தொடக்க விளிம்பு வரை அளந்தால் அந்தத் தூரம் மாறாது என்பதால், ஸ்கேனர்கள் பெரும்பாலும் அப்படியே அளக்கின்றன. ஆனால் 1, 7 என்ற இணையையும் 2, 8 என்ற இணையையும் அந்த அளவை மட்டும் கொண்டு பிரிக்க முடியாது. பட்டையின் உண்மையான பருமனையும் பார்த்தாக வேண்டும். மை பரவிய லேபிள் முதலில் தடுமாறுவது இந்த இலக்கங்களில்தான்.

நிறத்தில் நம் ஊர்ப் பொருள்களுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. மிளகாய்த் தூள் பொட்டலத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சிவப்புப் பட்டைகளை அச்சிடுகிறார்கள். சிவப்பு ஒளியில் சிவப்பு மை வெள்ளையைப் போலவே ஒளியைத் திருப்பிவிடுவதால், ஸ்கேனருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பின்னணியில் கறுப்புப் பட்டை போடலாம். பச்சைப் பின்னணியிலும் நீலப் பின்னணியிலும் போடக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெய் தெரியும்படியான பையில் அச்சிடுவதானால், குறிக்கு அடியில் வெள்ளைப் பூச்சு கொடுக்க வேண்டும். சிறிய உருளைப் போத்தலில் பட்டைகள் ஏணிப்படிகளைப் போலக் கிடக்கும்படி ஒட்டினால், வளைவால் எந்தப் பட்டையும் பார்வைக்கு வெளியே போகாது.

படிக்காதபோது எங்கே தேடுவது

நன்றாகப் படிக்கும் ஒரு லேபிளை எப்போதும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அதுவும் படிக்காவிட்டால் ஸ்கேனரின் முகக்கண்ணாடியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். அது படித்தால் குற்றம் புதிய லேபிளில் இருக்கிறது. பளபளக்கும் உறையில் ஒளி நேராகத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்வதுபோல ஸ்கேனரையும் குருடாக்கும் என்பதால், சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே பல லேபிள்கள் படிக்கப்பட்டுவிடும். வெயில் படும் இடத்தில் வைத்த, ரிப்பன் (மை நாடா) இல்லாமல் அச்சிட்ட தெர்மல் லேபிள் வெளிறியிருக்கலாம். நீண்ட நாள் நிற்க வேண்டிய பொருளுக்கு ரிப்பன் கொண்ட அச்சே ஏற்றது. எல்லா லேபிள்களிலும் ஒரே இடத்தில் பட்டைக்கு இணையாக வெள்ளைக் கீறல் தெரிந்தால், பிரிண்டர் முனையில் ஒரு புள்ளி செயலிழந்துவிட்டது என்று பொருள். முனையை மாற்றும் வரை குறியை 90 பாகை திருப்பி அச்சிட்டால், அந்தக் கீறல் எல்லாப் பட்டைகளையும் குறுக்கே கடந்து, விகிதத்தைக் கெடுக்காமல் விட்டுவிடும்.

சில நேரம் ஸ்கேனர் ‘பீப்’ என்று ஒலி எழுப்பும், ஆனால் திரையில் வருவது தவறாக இருக்கும். யுஎஸ்பி ஸ்கேனர்கள் பெரும்பாலும் கணினிக்கு ஒரு விசைப்பலகையாகவே தோற்றமளிக்கின்றன; எழுத்தை அனுப்பாமல், இன்ன விசை அழுத்தப்பட்டது என்றே சொல்கின்றன. கணினியில் தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருந்தால், கோட் 128-இல் உள்ள ஆங்கில எழுத்துகள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக விழும். இலக்கங்கள் மட்டும் சரியாக வருவதால், ஈஏஎன்-13 மட்டும் பயன்படுத்தும்வரை இது வெளியே தெரியாது. ஸ்கேன் செய்யும் கணினியில் ஆங்கில விசைப்பலகையையே வைத்திருக்க வேண்டும். எண்ணுக்குப் பிறகு தானாக அடுத்த வரிக்குப் போக வேண்டுமானால், ஸ்கேனருடன் வரும் கையேட்டில் என்டர் விசைக்கு உரிய அமைப்புக் குறியை ஒரு முறை ஸ்கேன் செய்தால் போதும். பயன்படுத்தாத வகைகளையும் அதே கையேட்டின் வழியாக அணைத்துவிடுவது, குறிப்பாக ஐடிஎஃப் வகையைத் தேவையில்லாத கடையில் அணைத்துவிடுவது, தவறான வாசிப்பைக் குறைக்கும். எக்செல் தாளில் நேரடியாக ஸ்கேன் செய்வோருக்கு 13 இலக்க எண் 8.90123 என்று தொடங்கிப் பத்தின் அடுக்காகச் சுருங்கித் தெரியும். தொடக்கத்தில் பூச்சியம் இருந்தால் அது மறைந்தே போகும். ஆகவே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றிய பிறகே முதல் பொட்டலத்தை ஸ்கேன் செய்ய வேண்டும்.